கெதுத்து மீனுக்கு வெளிச்சம் ஆகாது

ஜார்ஜ் டவுன் உணவகங்களின் கண்ணாடித் தொட்டிகளில், வெள்ளை விளக்குக்குக் கீழே மலாயில் கெதுத்து என்னும் ஆற்று மீன்கள் அசையாமல் கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் என் கை தானாகச் சுவிட்சைத் தேடுகிறது.

அப்போது ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருந்தோம். தம்பியைக் கொண்டுவரப் போன அம்மா, வயிற்றில் தையலோடு வெறுங்கையாகத் திரும்பியிருந்தாள். தம்பி பிறகு வருவான் என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். தையல் ஆறக் கெதுத்து சூப்தான் மருந்து. அப்பா பசாரிலிருந்து உயிரோடு ஒன்றை வாங்கிவந்து குளியலறைத் தொட்டியில் விட்டார். ஊறிப்போன கட்டைபோல் அது அடியில் படுத்துக்கொண்டது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள்.

"செத்த மீன உங்க தலையில கட்டிட்டான்லா, தம்பி!"

"சாகலக்கா. இது ராத்திரி மீனு." அப்பா விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார். பட்டப்பகலில் மூவரும் கதவில் காதை வைத்து நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து, சளக்!

"ஓஹோ, உங்கள மாதிரி நைட் ஷிப்ட்டா!" என்றாள் பெரியம்மா. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை.

அப்பா எனக்குச் சொன்னார்: ஓட்டம் குறைந்த ஆற்றின் சேற்றில், மூழ்கிய மரங்களுக்கு அடியில் அது பகலெல்லாம் சேற்று நிறத்திலேயே கிடக்கும். இருட்டியதும் எழுந்து நடமாடும். வாய்க்குப் பக்கத்தில் வரும் இறாலை உயிரோடு விழுங்கும். பெட்டை மரக்கட்டையில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆண்தான் காவல், பொரிக்கும்வரை துடுப்பால் தண்ணீரை விசிறிக்கொண்டே இருக்கும்.

"பொரிக்கலன்னா, அப்பா?"

"போய் வெளையாடு."

மறுநாள் இஞ்சியும் பூண்டும் போட்டு மீன் சூப்பானது. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பா கட்டிலோரம் மண்டியிட்டார். "ஒரு வாய்மா. எனக்காக." முழுக்கிண்ணத்தையும் குடித்துவிட்டு, அம்மா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவுக்குக் கண் நிறைந்தது.

தையல் ஆறியது. பெரியம்மா தன் ஊரான சுங்கை பாக்காப்புக்குப் பஸ் ஏறினாள். அம்மா மட்டும் எழவில்லை. பகலிலும் திரையை விலக்க விடவில்லை. அக்கம்பக்கத்தார் கவலைப்பட்டார்கள். எனக்குக் கவலையே இல்லை. விளக்கைப் போட வந்த அப்பாவைக்கூடத் தடுத்துவிட்டேன்.

"போடாதீங்கப்பா. இருட்டுனா எந்திரிச்சிருவாங்க."

அப்பா என்னையே பார்த்துவிட்டு வெளியே போனார். நான் கட்டிலோரம் காவல் இருந்தேன். திரையோரத்து வெளிச்சம் மங்கியது. கீழே மோட்டார் சைக்கிள்கள் வீடு திரும்பின. நன்றாக இருட்டியும் அம்மா அசையவில்லை.

இருட்டு இன்னும் போதவில்லை என்று நினைத்து, எழுந்து போய்க் கதவையும் சாத்தினேன்.