ஆறு தாண்டாத வீடு

2022 அக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை. ஐப்பசி முதல் நாள். விடிவதற்கு முன் எழுந்து தொழுவத்தைக் கூட்டினேன். சாணத்தை அள்ளிக் குழியில் போட்டேன். வாசல் தெளித்துக் கோலமிட்டேன். மாதப் பிறப்பு என்பதால் தலைக்குக் குளித்துவிட்டு, காளியம்மன் படத்துக்கு விளக்கேற்றினேன். மாமியாருக்குக் கஞ்சி கொடுத்தேன். என் கணவர் சுந்தரம் பழைய சோறு சாப்பிட்டுவிட்டு மண்வெட்டியோடு வயலுக்குப் போனார். தாளடி நெல் நட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஒரு வயலில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை. "நண்டு வளை எங்கயோ இருக்கு, அடைச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தினமும் இரவு அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வைப்பது என் பழக்கம். அன்று மட்டும் எழுதவில்லை. எழுதாமலே எல்லாம் நினைவில் நிற்கிறது. நம் விளக்கு பூஜைக் குழுவில் என்னைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு நின்று பேச வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

நண்டு வளையை அடைப்பது எப்படி என்று வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். வரப்பில் கையை முழங்கை வரை உள்ளே விட்டு, வளை எந்தப் பக்கம் போகிறது என்று துழாவுவார்கள். பிறகு வைக்கோலும் சேறும் சேர்த்துத் திணிப்பார்கள். குச்சி வைத்துப் பார்ப்பவரை நான் கண்டதில்லை. அவரும் கையைத்தான் விட்டார். உள்ளே ஏதோ கடித்தது. நண்டு என்று நினைத்து, வளையை அடைத்து முடித்துவிட்டே வீட்டுக்கு வந்தார்.

விரலைத் துண்டால் சுற்றியிருந்தார். "நண்டு கடிச்சிருச்சு" என்றார். நண்டுகூட உங்களை மதிக்கவில்லையா என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். டீ குடித்துவிட்டு வாய் கொப்பளித்தார். துப்பியதில் சிவப்பு இருந்தது. துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். புறங்கை வரை வீங்கிக் கறுத்திருந்தது.

என் மாமியார் தையல்நாயகி உள்ளே உட்கார்ந்து முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் புரை முற்றி, கையால் தடவித்தான் கல் பொறுக்குவார். "ஐயோ, கறுத்துப் போச்சே" என்று நான் பதறியது அவருக்குக் கேட்டது. முறத்தைக் கீழே வைத்தார். "பூச்சி" என்றார். எங்கள் வீட்டில் பாம்பைப் பெயர் சொல்லிச் சொல்வதில்லை.

இந்தக் குடும்பத்தின் கதையை இங்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்று நடந்தது உங்களுக்கு விளங்காது.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் ராஜாங்கம். நான் மருமகளாக வருவதற்கு முன்பே, கதிர் அறுக்கும்போது அவரைப் பூச்சி கடித்தது. தஞ்சாவூருக்குக் கொண்டுபோக மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். ஊரைத் தாண்டினால் குடமுருட்டிப் பாலம். பாலத்தின் நடுவே, தாயின் மடியிலேயே உயிர் போய்விட்டது. விஷக்கடி பட்டவரை ஆறு தாண்டிக் கொண்டுபோனால் விஷம் தலைக்கு ஏறிவிடும் என்று யாரோ பெரியவர்கள் அப்போது சொன்னார்கள். தாண்டியிராவிட்டால் பிழைத்திருப்பான் என்று அத்தை நம்பினார். அன்றோடு அது இந்த வீட்டின் சட்டம் ஆயிற்று. அவரும் அதற்குப் பிறகு அந்தப் பாலத்தில் கால் வைக்கவில்லை. உறவில் கல்யாணம், சாவு எதற்கும் அக்கரைக்குப் போகவில்லை. கண் ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்ததால் கண்ணையே விட்டுவிட்டார்.

இரண்டாமவர் காளிமுத்து. நம் அம்மனின் பெயரை வைத்த பிள்ளை. நான் கல்யாணமாகி வந்த பிறகு, நாற்றங்காலில் கடிபட்டார். அவரை ஆறு தாண்ட விடவில்லை. வீட்டிலேயே கிடத்தி, வேப்பிலை அடித்து, விஷம் இறங்க மந்திரம் சொல்லிப் பாடம் போட்டார்கள். வாயிலும் மூக்கிலும் ரத்தம் வந்தது. அத்தை தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் போய்விட்டார். தாண்டிய பிள்ளையும் போனான், தாண்டாத பிள்ளையும் போனான். ஆனால் சட்டம் போகவில்லை. கொஞ்சம் முன்பே பாடம் போட்டிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தவர் மூன்றாமவர். என் கணவர்.

பக்கத்து வீட்டு முருகையனிடம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி இருக்கிறது. நான் கூப்பிட்டதும் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆனால் என் கணவர் ஏறவில்லை. "ஆறு தாண்ட வேணாம். பாடம் போடறவரைக் கூப்பிடு" என்றார். படித்தவர்தான். உரமூட்டையில் அச்சடித்திருப்பதை எல்லாம் ஒரு வரி விடாமல் படித்த பிறகே பிரிப்பவர். ஆனாலும் இரண்டு அண்ணன்களையும் பார்த்த பயம் அவருக்குள் இருந்தது. நான் அழுதேன். கையைப் பிடித்து இழுத்தேன். முருகையன் என்ஜினை அணைக்காமல் நின்றார். அத்தை வாய் திறக்கவில்லை. அவர் சொல்லாமல் என் கணவர் அசையமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீக்கம் முழங்கையைத் தாண்டியது.

நான் உள்ளே போனேன். காலையில் ஏற்றிய விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கையில் அவருடைய ரத்தம். அப்படியே நின்றேன். நேர்ந்துகொள்ளவில்லை. பொங்கல் வைக்கிறேன், முடி இறக்குகிறேன் என்று எதுவும் சொல்லத் தோன்றவில்லை. "தாயே, அவரைக் காப்பாத்துன்னுகூட இப்ப கேக்கலை. அத்தை வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரணும். அது போதும்." இவ்வளவுதான் கேட்டேன்.

வெளியே வந்தபோது அத்தை எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மகனிடம் வந்திருந்தார். குனிந்து அவர் முகத்தைத் தடவினார். நெற்றி, கன்னம், பிறகு உதடு. உதட்டில் விரல் நின்றது. விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதே ரத்தத்தை இக்கரையில வச்சுத்தான்டா துடைச்சேன்" என்றார். "எழுந்திரு. வண்டியில ஏறு."

"நீதானேம்மா தாண்டக் கூடாதும்ப" என்றார் என் கணவர்.

"நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். பாலத்துல ஏதாவது ஆச்சுன்னா அது என் தலையில விடியட்டும். ஏறுடா."

பெற்ற மனம் தானாக இளகியிருக்கும், இதில் அம்மன் எங்கே வந்தாள் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த வாயை எனக்குத் தெரியும். காளிமுத்து போனபோதும் இளகாத வாய் அது. அம்மன்தான் திறந்தாள்.

வண்டியின் பின்பக்கம் சாக்கை விரித்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார். பாலத்தின் நடுவே போகும்போது, "தாண்டிட்டமா?" என்று கேட்டார். "எப்பவோ தாண்டியாச்சு" என்றேன். அம்மன் அந்தப் பொய்யை மன்னிப்பாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அது உறையவே இல்லை. கண்ணாடி விரியன் என்றார் டாக்டர். விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

பிறகு நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். சிறுநீரகம் பழுதாகி, பல வாரம் ரத்தச் சுத்திகரிப்பு செய்ய வேண்டியிருந்தது. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மண்வெட்டியை முன்போல் பிடிக்க அவரால் முடியாது. குத்தகை நிலத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். முழுசாகத் திரும்பி வந்தார் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பி வந்தார். சாயங்காலம் வாசலில் அவர் இருமும் சத்தம் கேட்கிறது. எனக்கு அது போதும்.

காளிமுத்துவுக்காக அன்று யாரும் வேண்டவில்லையா என்று கேட்பீர்கள். வேண்டினோம். எல்லோரும்தான் வேண்டினோம். ஆனால் ஆறு தாண்டாமல் காப்பாற்று என்று வேண்டினோம். அவள் எந்த வழியாக வர வேண்டும் என்று நாமே சொல்லிவிட்டு, வழியையும் அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். அவளிடம் கேளுங்கள். கட்டாயம் கேளுங்கள், அவளுக்குக் காது உண்டு. கேட்டுவிட்டு, கதவைத் திறந்து வையுங்கள். வண்டி வந்து நின்றால் ஏறுங்கள். இப்போது எங்கள் தெருவில் வளையில் கை விடுபவர் இல்லை. கடப்பாரையால் குத்திப் பார்த்த பிறகே அடைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் விளக்கேற்றிவிட்டு இதை நான் யாரிடமாவது சொல்லாமல் வருவதில்லை.

இனி அந்த மறுநாள் காலை. அக்டோபர் 19. அவருக்கு நினைவு வந்து தண்ணீர் கேட்டிருந்தார். நான் வார்டுக்கு வெளியே வந்தேன். முருகையன் ஒரு கிழவியைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தை. விடிந்ததும் விடியாததுமாகத் தானே வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாராம். பாலத்தின் நடுவே நிறுத்தச் சொல்லி இறங்கி, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாராம். பிறகு ஏறிக்கொண்டாராம்.

மகன் பிழைத்துக்கொண்டான் என்று சொன்னேன். கும்பிட்டார். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப காளிமுத்துவும் பொழச்சிருப்பானா, வசந்தா?"

எனக்குப் பதில் தெரியும். திறந்த வண்டியில் வந்ததால் அவருடைய நரைத்த முடியெல்லாம் காற்றில் கலைந்து முகத்தில் விழுந்திருந்தது. பையிலிருந்து சீப்பை எடுத்தேன். அவருக்குப் பின்னால் நின்று, சிக்கெடுத்து வாரி, கொண்டை போட்டுவிட்டேன். அந்தக் காலையில் நான் முதலில் செய்த வேலை அதுதான்.