இன்னைக்கு நான் எத்தனை?

என் வீட்டுக்காரரின் பேரை நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. எங்கள் காலத்துப் பெண்கள் அப்படித்தான். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லியே வளர்த்தார்கள். யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வோம். அந்தப் பழக்கத்தால் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர் பேரையும் நான் சொல்ல முடியாமல் போயிற்று. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமாகி மலாக்காவில் காஜா பேராங்குக்கு வந்தபோது யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நான் ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். லயத்து வரிசையில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும்; ஒரு வீட்டுப் பிள்ளை தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "நூறு" என்று வாழ்த்துவார்கள். இங்கே தனி வீடு. சுற்றிலும் செட்டிகள், தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருப்பவர்கள். நெற்றியில் திருநீறு இருக்கும், வாசலில் மாவிலை கட்டியிருக்கும், வாயைத் திறந்தால் மலாய். அம்மன் கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிடுவோம். முடிந்ததும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அதற்கு மேல் பேச எனக்கு மலாய் போதாது.

அவர் ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. நல்லவர். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. பேசியதும் இல்லை. காலையில் சைக்கிளை எடுக்கும்போது "வரேன்." சாயங்காலம் "தண்ணி கொடு." சாப்பிட்டதும் "போதும்." நடுவில் நாள் முழுக்க நான் கோழிகளை அதட்டிக்கொண்டிருப்பேன். கோழி ஒன்றும் செய்திருக்காது. என் குரலை நானே கேட்கத்தான்.

வீட்டில் பெரிய ரேடியோ ஒன்று இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் விறகுக்கு அடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினாராம். நான் அதைத் துடைக்கலாம், திருகக்கூடாது.

இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு அதன் கிரிக்கெட் அணி ஆஸ்திரேலியாவுக்கு ஆடப் போயிற்று. ஐந்து டெஸ்ட் ஆட்டம், ஒவ்வொன்றும் நாள் கணக்கில் நடக்கும். அங்கே ஆட்டம் தொடங்கும்போது இவர் கிடங்குக்குள் இருப்பார். இவர் வீடு திரும்புவதற்குள் அங்கே அன்றைய ஆட்டம் முடிந்துவிடும். மறுநாள் பேப்பர் வரை அவரால் பொறுக்க முடியவில்லை. கிடங்கில் பெரிய கிராணி ஒருத்தர், "கொடிய மாத்திட்டா பந்து பயந்துடுமா தம்பி?" என்று தினமும் சீண்டுவாராம். இதெல்லாம் அவரே சொல்லித்தான் தெரியும். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே மூச்சில் சொன்னார்.

"இந்தத் திருகு தெரியுதா? இதைத் தொடு. அதைத் தொட்டேன்னு வையி, ஸ்டேஷன் ஓடிடும்."

"சரிங்க."

"இங்கிலீஷ்ல கத்துவான், பயப்படாதே. ஆளு பேரு, நம்பரு, அவுட்டு. இந்த மூணை மட்டும் பிடி. இங்கிலீஷ்ல நூறு வரைக்கும் வருமா?"

"எங்கண்ணன் சொல்லிக் கொடுத்துச்சுங்க."

"சொல்லு பாப்போம்."

சொன்னேன். பாதி தாண்டியதும் போதும் என்று கை காட்டினார். பிறகு ஆட்டக்காரர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். நடுவில் அவருடைய சொந்தப் பேரும் வந்தது. அந்த அணியில் அதே பேரில் ஒருத்தர். இவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பேருக்குப் போனார். எனக்குக் காது சூடாயிற்று.

மறுநாளிலிருந்து அது என் வேலை. கை சமையலில் இருக்கும், காது ரேடியோவில் இருக்கும். ஒருத்தர் அவுட் ஆனால் ஒரு புளியங்கொட்டையைச் சிரட்டையில் போடுவேன். ஓட்டக்கணக்கை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருப்பேன். அடுத்த வீட்டு அம்மாவை மக்சிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஜன்னலோரம் வந்து "லாகி காலா?" என்பாள். இன்னும் தோற்கிறார்களா என்று கேட்கிறாள். சிரட்டையைக் காட்டுவேன். எட்டிப் பார்த்து "அலாமாக்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு போவாள்.

சாயங்காலம் அவர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார். யார் போட்ட பந்தில் போனான், மழை வந்ததா, கூட்டம் கத்தியதா. தெரிந்ததைச் சொல்வேன். அவர் பேர்க்காரர் முதலில் சொல்லும்படி ஆடவில்லை. அதனால் "மத்தவங்க ஒண்ணும் பெரிசா இல்லீங்க" என்று தப்பித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் அந்த மனிதர் நின்று ஆட ஆரம்பித்தார்.

"நீ சொன்னதெல்லாம் கூட்டினா மொத்தம் வரலியே. மீதிய யாரு அடிச்சா?" என்றார் இவர்.

தரையைப் பார்த்தேன்.

"கேக்கறேன்ல?"

"வந்து… அவருங்க."

"எவரு?"

"அவருதாங்க."

"பதினோரு பேரும் அவருதான்! தூங்கிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி விடு. உனக்கெதுக்கு இந்தத் தொல்லை. நான் பேப்பர்லயே பாத்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். தண்ணி கொடு, போதும், வரேன் என்று பழையபடி ஆகிவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் வேண்டாம் என்று சொன்னதையும் மீறி ரேடியோவைத் திருகினேன். அந்த மனிதர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். தொண்ணூறைத் தாண்டினார். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. நூறு என்றதும் ரேடியோவுக்குள் கடல் இரைகிற மாதிரி சத்தம். மக்சிக்கை இருக்கச் சொல்லி, அவள் வாயால் பேரைச் சொல்ல வைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம், இது நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டேன்.

அவர் வந்தார். "தண்ணி கொடு." கொடுத்தேன். குடிக்க ஆரம்பித்தார். சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க" என்றேன்.

"ம்."

"நீங்க நூறு அடிச்சிட்டீங்க."

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். "நானா?"

"நீங்கதான். நேத்து மீதிய அடிச்சதும் நீங்கதான். இன்னும் நீங்க அவுட்டாகல."

கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. தலையில் தட்டப் போய், வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டேன்.

"நான் நூறா! பெரிய கிராணி மூஞ்சிய நாளைக்குப் பாக்கணும். ஆமா, எத்தனை பவுண்டரி அடிச்சேன்?"

"அதை எண்ணலீங்களே."

"எண்ண வேணாமா? என் மானம் போவுது!"

அதிலிருந்து சைக்கிளை நிறுத்தும் முன்பே வாசலில் குரல் கேட்கும். "இன்னைக்கு நான் எத்தனை?"

"முட்டைங்க."

"முட்டையா? எல்லாம் உன் கைராசி."

"என் கை என்ன பண்ணுச்சு? நீங்க மட்டைய நேரா பிடிக்கணும்."

இப்படியெல்லாம் நான் பேசினேன் என்று சொன்னால் இன்று என் பிள்ளைகளே நம்பமாட்டார்கள்.

அணி தோற்றுக்கொண்டே இருந்தது. அவர் வருத்தப்பட்டார். நான் அம்மனிடம் வேண்டிக்கொண்டது ஜெயிக்க வேண்டும் என்றல்ல, சீக்கிரம் அவுட்டாகக் கூடாது என்று. சீக்கிரம் அவுட்டானால் ஆட்டம் சீக்கிரம் முடியும். முடிந்தால் அடுத்த ஆட்டம் வரை எனக்குப் பேச்சில்லை.

கடைசி ஆட்டமும் முடிந்தது. அடுத்த சாயங்காலம் சைக்கிள் நின்றது. "தண்ணி கொடு" என்றார். அடுத்த வீட்டுக் கோழி நம் வீட்டில் முட்டையிட்ட கதையைச் சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றார். கிளேபாங் கடற்கரையில் மீன் மலிவாம் என்றேன். "வாங்கு" என்றார்.

சில வருஷம் கழித்து அதே அணி இங்கிலாந்துக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். சிரட்டையைக் கழுவிக் காயவைத்தேன். பழைய புளியில் கொட்டை எடுத்து வைத்தேன். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார்: "அங்க ஆட்டம் தொடங்கறது இங்க விளக்கு வைக்கிற நேரம். இந்தத் தடவை நானே கேட்டுக்கலாம்."

கிடங்கு ஆட்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெரிய கிராணியும் வந்தார். நான் காப்பி போட்டேன். அவர் பேர்க்காரர் அந்த அணியிலும் இருந்தார். தட்டோடு நான் கூடத்துக்கு வந்தபோது ரேடியோ அந்தப் பேரைச் சொல்லிற்று, அவுட் என்றது. எல்லாரும் "சே" என்றார்கள். அவர் முன்னால் குவளையை வைத்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"நீங்க அவுட்டாயிட்டீங்க."

"கேட்டேன்" என்றார். ரேடியோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அதில் எரிச்சல் இல்லை, ஏளனம் இல்லை. அவருக்கும் காது இருக்கிறது, கேட்டார். நான் மற்றவர்களுக்கும் காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த அணி மறுபடி ஆஸ்திரேலியாவுக்குப் போவதற்குள் இந்த நாட்டுக்கும் சுதந்திரம் என்று மெர்டேக்கா வந்து, பிள்ளைகள் வளர்ந்து, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு நாள் காலையில் ரேடியோவைத் திருகினேன். அவர் பேரில் யாரும் ஆடவில்லை. எல்லார் பேரையும் வாய்விட்டே சொல்லலாம், ஒரு தடையும் இல்லை. சமைத்துக்கொண்டே கேட்டேன். பவுண்டரியையும் எண்ணினேன். யார் எத்தனை, மொத்தம் எத்தனை எல்லாம் சரியாக இருந்தது. இருட்டும்வரை மறக்காமல் வைத்திருந்தேன்.