முன்சக்கரம், பின்சக்கரம், நடுவில் ஞானராஜ் சார்

கார் பத்திரிகையில் இத்தனை வருடம் குப்பை கொட்டிய எனக்கு, காரை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது. எங்கள் வாசகர்களிடம் இதுவரை இதைச் சொன்னதில்லை. முன்னால் போகத் தெரியும், நிறுத்தவும் தெரியும். பின்னால் வரச் சொன்னால் கை ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமும் போய்விடும். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, ஏதோ அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன் மாதிரி வெளியே நின்று கையை ஆட்டுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேம்ப் ரோட்டில் ஒரு காய்கறிக் கடை வாசலில் அப்படிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் பம்மலிலிருந்து பஷீர் பாய் போன் செய்தார்.

“சார், நம்ம ஞானராஜ் சார் பூட்டாரு சார்.”

“எங்கே?” என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான். அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. வாட்ச்மேன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “இன்னும் கொஞ்சம் ஒடிக்கட்டா சார்?” என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வண்டி மெதுவாகப் போய்க் கடையின் சிமெண்ட் தூணில் சாய்ந்து நின்றது. பின் பம்பரில் கீறல். ஞானராஜ் சார் பக்கத்தில் இருந்திருந்தால், “தூணுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. எங்கள் பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் அவர் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்துச் சேதம் எவ்வளவு என்று சொல்வது வேலை. “மோதின வண்டியைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சுய்யா. மோதாத வண்டி எப்படி இருக்கும்னு பார்க்கலாமேன்னு வந்தேன்” என்று முதல் நாளே சொன்னார். குரோம்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது எங்கள் அலுவலகம். ஆசிரியர் குழு என்று பெரிதாகப் போட்டுக்கொள்வோம். வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுபவர் அவர். அவர் எழுதியதில் சந்திப்பிழை பார்ப்பவன் நான். குழு அவ்வளவுதான்.

மற்ற பத்திரிகைக்காரர்கள் நல்ல வெயிலில், நல்ல சாலையில் வண்டியை விரட்டி, எவ்வளவு வேகம் போனது என்று எழுதுவார்கள். சாருக்கு அதில் மரியாதையே கிடையாது. “காய்ஞ்ச ரோட்டுல எல்லா வண்டியும் நல்ல பிள்ளைதான். மழையில கேளு, யாரு என்னன்னு சொல்லும்” என்பார். ஐப்பசி பிறந்துவிட்டால் சேலையூரில் அவர் வீட்டு மொட்டை மாடியில் நின்று, பள்ளிக்கரணைப் பக்கம் மேகம் கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கறுத்தால் எனக்குப் போன். “கிளம்பு. குடை வேண்டாம், வாய் மட்டும் கொண்டுவா.”

வாய் எதற்கு என்று சொல்ல வேண்டும். வண்டலூரைத் தாண்டி, மாணவர்கள் சேராமல் மூடிக்கிடந்த ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. அதன் வளாகத்தைச் சுற்றி அருமையான தார்ச்சாலை. ஆள் நடமாட்டம் கிடையாது, மாடு கிடையாது. தாளாளர் சாருடைய சர்ச்காரர் என்பதால் அனுமதி. அங்கேதான் மழைச் சோதனை. சார் ஓட்டுவார், நான் பக்கத்து சீட்டில். ஒரு சர்வேயரிடம் என்னென்னவோ கருவிகள் இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவர் கொண்டுவந்த ஒரே கருவி நான். வண்டி எந்த வளைவில் எந்த இடத்தில் என்னைக் கத்த வைக்கிறது என்பதை மனதில் குறித்துக்கொள்வார். “எனக்குப் பழகிப்போச்சு, ஒண்ணும் தெரியாது. நீ பயந்தாங்கொள்ளி. சுத்தமான பயம். கலப்படமே இல்லை” என்றார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பாராட்டுகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

சாருக்குப் பிடித்தது ஹாட் ஹேட்ச். வீட்டுக்கு அடக்கமான சின்னக் காருக்குள் அடக்கமில்லாத இன்ஜினை வைத்தால் அதற்கு அந்தப் பெயர். இன்ஜின் முன்சக்கரங்களைத்தான் சுழற்றும். ஈரத்தில் அவசரப்பட்டு மிதித்தால் மூக்கு திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். காலைத் தளர்த்தினால் தானாகச் சரியாகிவிடும். பின்சக்கரம் தள்ளும் ஸ்போர்ட்ஸ் கார் வேறு ஜாதி. அதில் மூக்கு சொன்ன பேச்சைக் கேட்கும். வால்தான் கேட்காது. ஈரத்தில் கொஞ்சம் அதிகமாக மிதித்தால் பின்பக்கம் நம்மை முந்திக்கொண்டு வந்து எட்டிப் பார்க்கும். பதறிக் காலை வெடுக்கென்று எடுத்தால் இன்னும் மோசம்.

என் கத்தலை வைத்து இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். “முன்சக்கர வண்டியில நீ வளைவுக்கு முன்னாடியே கத்துற. பின்சக்கர வண்டியில வளைவு பாதி முடிஞ்ச பிறகு கத்துற. முன்னாடியே கத்தினா எனக்கு டைம் இருக்கு. லேட்டா கத்தினா ஆண்டவர்தான்.”

ஒவ்வொரு மழைக்கால இதழிலும் அவர் முடிவு இதுதான். இப்படி எழுதினார்: “மழையில் ஒருவர் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் பரவாயில்லை. முதுகில் கை வைத்துத் தள்ளினால்தான் பயம்.” பின்சக்கரப் பிரியர்கள் அவரைத் திட்டி எழுதாத திட்டு இல்லை. நான் சந்திப்பிழை திருத்தித் திட்டுகளையும் வெளியிட்டேன். சார் அதையெல்லாம் தான் பாடும் சர்ச் பாடகர் குழுவில் படித்துக் காட்டிச் சிரிப்பார். அந்தக் குழுவில் அவர் குரலைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது தனிக் கதை. அவர் பாட்டை செகண்ட் கியரிலேயே ஓட்டுகிறார் என்று ஒரு கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவி அவர் மனைவி ரோஸலின் டீச்சர் என்பது சாருக்குக் கடைசிவரை தெரியாது.

பஷீர் பாய் வந்தது அப்படி ஒரு மழைக்கால இதழ் வெளியான வாரம். பம்மலில் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர். கையில் சுருட்டிய எங்கள் பத்திரிகை. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஞானராஜ் சாரைக் கை காட்டிவிட்டு நான் பீரோவுக்குப் பின்னால் ஏதோ தேடப் போய்விட்டேன்.

“இன்னா சார் எழுதிக்கீறீங்க? வூட்ல பேஜாரா பூச்சு சார்.”

“உட்காருங்க பாய். என்ன ஆச்சு?”

“ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரு சார். பின்சக்கரம். முடிச்சூர் வெள்ளத்துல முங்கி, ஓனரே வாணான்னு வுட்ட வண்டி. நாலு வருஷமா ஒவ்வொரு நட்டா கயட்டி மாட்டி ரெடி பண்ணேன். எதுக்கு? ஒரு சீட்டு எனக்கு, ஒரு சீட்டு எங்க மும்தாஜுக்கு. நீங்க எழுதினத படிச்சிட்டு, அந்த வண்டில காலே வைக்க மாட்டேன்னு சொல்ட்டா.”

“நான் மழையில ஓட்டறதைப் பத்தித்தானே எழுதினேன்?”

“அவ இன்னா சொல்றா தெரியுமா? மழை சொல்லிட்டா வருதுன்றா. பாயிண்ட்டா பேசறா சார், இன்னா செய்ய?”

நான் பீரோவுக்குப் பின்னாலிருந்து சிரித்துவிட்டேன். சார் சிரிக்கவில்லை. தன் வரியால் ஒரு வீட்டில் ஒரு சீட்டு காலியாகிக் கிடக்கிறது என்பது அவரை என்னவோ செய்துவிட்டது. பத்திரிகையை வாங்கித் தான் எழுதியதை முழுதாக ஒரு முறை படித்தார். பிறகு, “இந்த வண்டியை நான் ஓட்டிப் பார்க்கலை. பார்க்காத வண்டிக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிட்டேன். மழை வரட்டும் பாய். அவங்களையும் கூட்டிட்டு வாங்க. மோசம்னா மோசம்னுதான் சொல்வேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது” என்றார்.

பாயின் முகம் சுருங்கியது. நாலு வருடத்து வேலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், முன்சக்கரத்துக்கே வாழ்க்கைப்பட்ட மனிதர் அல்லவா?

மழை வந்தது. கல்லூரி வாசல் மண்டபத்தில் பாயும் மும்தாஜ் அக்காவும் ஒரே குடைக்குள் ஒட்டாமல் நின்றார்கள். முதலில் ஹாட் ஹேட்ச். வழக்கம்போல் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நான் கத்தினேன். வழக்கம்போல் மூக்கு கொஞ்சம் அகலப் போய்த் திரும்பியது. வேகமான சுற்று. இறங்கி வந்தபோது அக்கா என்னைப் பார்த்து, “இதுக்கே இப்டி கத்துறியே தம்பி, அதுல இன்னா ஆவியோ” என்றார்.

பிறகு பாயின் வண்டி. தரையை ஒட்டி உட்கார்ந்தால் சாலை நம் தொடைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. சார் முதல் வளைவுகளை மெதுவாக எடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறியது. மூடிக்கிடந்த கேன்டீனுக்கு எதிரே இருந்த வளைவில் வால் ஒரு முழம் வெளியே போனது. சார் பதறவில்லை. காலை வெடுக்கென்று எடுக்கவில்லை. முட்டையை மிதித்திருப்பவர் போல மெல்லத் தளர்த்தி, ஸ்டீயரிங்கை வால் போன பக்கமே கொஞ்சம் காட்டினார். வண்டி கோபித்துக்கொண்டு போன பிள்ளை மாதிரி திரும்பி வந்து வரிசையில் நின்றது. மற்ற எல்லா வளைவுகளிலும் அது மூக்கைச் சொன்ன இடத்தில் வைத்தது.

சுற்று முடிந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“யோவ், நீ கத்தவே இல்லையே?”

“கத்தத் தோணலை சார்.”

வைப்பர் பாதியில் நின்றிருந்தது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் ஒரே கட்சியில் இருந்த மனிதர் எழுந்து வெளியே போவதற்கு முன்னால் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

மும்தாஜ் அக்கா சாரிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்தார். “அவரு டிரைவரு, அவருக்கு பயம் கெடயாது. எங்க வூட்டுக்காரரு சொல்றத நம்ப முடியாது, அவருக்கு அந்த வண்டி பெத்த புள்ள மாதிரி. நீ சொல்லு தம்பி. பயமா இருந்துச்சா?”

“இல்லக்கா. பஞ்சு மாதிரி வந்துச்சு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்தச் சீட்டில் உட்கார்ந்தார். பாய் ஓடிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, தான் ஏற மறந்து மழையில் நின்றுகொண்டிருந்தார். “இன்னா, நான் ஓட்டணுமா?” என்று உள்ளிருந்து சத்தம் வந்த பிறகுதான் ஓடினார்.

அந்த மாத இதழில் சார் எழுதினார்: “மழையில் வேகம் வேண்டுமென்றால் ஹாட் ஹேட்ச்தான். அதில் நான் மாறவில்லை. ஆனால் பின்சக்கர வண்டி பொய் சொல்லாது. என்ன செய்யப்போகிறது என்பதை முதுகில் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறது. இதுவரை நான் எழுதியது பாதிதான் சரி. இந்த வண்டியில் என் பக்கத்தில் இருந்தவர் கத்தவில்லை.” பழைய கட்சிக்காரர்கள் அவரைத் துரோகி என்றார்கள். அதையும் வெளியிட்டேன்.

பாய் போன் செய்த மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம் அடக்கம். காலையிலிருந்தே தூறல். சேலையூர் கல்லறைத் தோட்டத்து வாசலில் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாயும் மும்தாஜ் அக்காவும் அந்த ரெண்டு சீட்டு வண்டியில்தான் வந்தார்கள். மழையில், பம்மலிலிருந்து. ரோஸலின் டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சர்ச்லேருந்து வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். ஜன்னல் வழியா மேகத்தைப் பார்த்துட்டு, ‘சாயங்காலம் வரும்’னார். அவ்வளவுதான்” என்றார். பாடகர் குழு பாடியது. ஒருவரும் சொல்லாமலே எல்லாரும் மெதுவாகப் பாடினார்கள். செகண்ட் கியர்.

ஞானராஜ் சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். அவர் பயந்தவர்களைக் கேலி செய்ததில்லை. என்னைக் கருவி என்பார், பயந்தாங்கொள்ளி என்பார், ஆனால் நான் கத்தினால் வேகத்தைக் குறைப்பார். ஒருமுறை நான் மன்னிப்புக் கேட்டபோது, “பயப்படறவங்களைப் பக்கத்துல வெச்சு ஓட்டறதுக்குப் பேர்தான்யா டிரைவிங். தனியா ஓட்டறது விளையாட்டு” என்றார். இப்போது என் மனைவி பக்கத்து சீட்டில் காலால் இல்லாத பிரேக்கை மிதித்தால் நான் எரிந்து விழுவதில்லை. நிஜ பிரேக்கை மிதிக்கிறேன்.

கிளம்பும்போது மும்தாஜ் அக்கா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “அன்னிக்கு நீ நேர்ல பாத்து சொன்னதாலதான் தம்பி இதுல ஏறினேன். சாரும் உன்ன நம்பித்தான் மாத்தி எழுதினாரு.”

நான் தலையாட்டினேன். அந்த வண்டியில், மண்டபத்தைத் தாண்டியதிலிருந்து திரும்பி வந்து நிற்கும்வரை, நான் கண்ணைத் திறக்கவே இல்லை. கேன்டீன் வளைவில் வால் ஒரு முழம் வெளியே போன விஷயம், சாருடைய கட்டுரையைப் புரூஃப் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும்.