பிரபாவின் நிறம்

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக்கடை மாடியில் பன்னீர்செல்வம் கல்யாண வீடியோக்களை எடிட் செய்துகொண்டிருந்தான். தொண்ணூறுகளில் மாமல்லபுரத்து மண்டபங்களில் வீடியோக்காரர் பின்னால் லைட் பிடித்து அலைந்தவன். கம்ப்யூட்டர் வந்ததும் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாறிக்கொண்டான். அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே சங்கதி. கறுத்த கல்யாணப் பெண்ணைத் திரையில் அழகாக வெளுத்துக் கொடுப்பான்.

மற்றவர்கள் வெளுத்தால் படம் முழுக்க வெளுத்து, பட்டுப்புடவை சாயம் போனதுபோல் ஆகிவிடும். பன்னீர் கன்னத்தில் ஒரு புள்ளியைத் தொட்டுத் தோலின் நிறத்தை மட்டும் பிரித்தெடுப்பான். கூடவே குத்துவிளக்கு, சந்தனம், அரக்குப் புடவை எல்லாம் பங்காளிகள்போல ஒட்டிக்கொண்டு வரும். நிறத்தின் வரம்பைக் குறுக்கிக் குறுக்கி அவற்றைக் கழற்றிவிடுவான். பிறகு முகத்தைச் சுற்றி ஒரு வட்டம், கைகளுக்குத் தனி வட்டம். ஓரம் தெரியாமல் மங்கவைத்தால் முடிந்தது. காலை மட்டும் விட்டுவிடுவான். கல்யாண வீடியோவில் காலை யார் பார்க்கிறார்கள்?

படாளத்திலிருந்து வந்த சந்திரம்மாவும் அதைத்தான் கேட்டாள். மகள் பிரபா நல்ல கறுப்பு. "மாப்ள வூட்டு சனம் டிவியில போட்டுப் பாக்கும்பா. எம் பொண்ணு அடுப்புல வெந்தவ மாதிரி தெரியக் கூடாது."

"பெத்த உனக்கே அடையாளம் தெரியாதுக்கா, பாரேன்," என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கல்யாணமான மறு வருஷம் ஐப்பசியில் அவள் மறுபடி படியேறி வந்தாள். கையில் அதே சி.டி. பிரபா மூளைக்காய்ச்சலில் போய்விட்டாளாம். ஆல்பத்துப் படங்களும் ஸ்டூடியோவில் வெளுத்தவைதானாம். வீட்டில் வேறு போட்டோ எதுவும் இல்லையாம்.

"இதுல யாரோ கீறாப்பா. எம் பொண்ணு நெறத்தத் திருப்பிப் போட்டுக் குடு."

ஒரிஜினல் கேசட் இருந்தால் ஒரு மணி நேர வேலை. அலமாரியைத் துழாவி எடுத்துப் போட்டுப் பார்த்தான். யாரோ ஒரு குழந்தைக்குக் காது குத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணம் டெலிவரி ஆனால் அதே கேசட்டில் அடுத்ததைப் பிடிப்பது தொழிலில் வழக்கம். அதை அவளிடம் சொன்னான். அவளுக்கு விளங்கவில்லை. நீதானே வெளுத்தாய், நீயே கறுப்பாக்கு என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

முகத்தைப் பிரித்து இருட்டாக்கினான். சாம்பல் பூசியதுபோல் ஆனது. சிவப்பைக் கூட்டினால் மண்பொம்மை. வெளுத்துப்போன நெற்றியிலும் கன்னத்திலும் மீட்டெடுக்க நிறம் என்று ஒன்றுமே மிச்சமில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

வெளுக்காமல் தப்பிய முகம் எங்காவது கிடைக்குமா என்று படத்தை ஓட்டிக்கொண்டே போனான். அம்மி மிதிக்கும் கட்டம் வந்தது. மாப்பிள்ளையின் கை, மஞ்சள் பூசிய அம்மி, அதன்மேல் மெட்டி ஏறும் ஒரு பாதம். அவன் தொடாமல் விட்ட பாதம். கறுப்பு.

"நிறுத்து," என்றாள் சந்திரம்மா. பக்கத்தில் நகர்ந்து வந்தாள். "இதோ கீறா."

அதைப் பிரிண்ட் போட்டுத் தரட்டுமா என்று அவன் கேட்டான்.

"காலை மாட்டி வச்சி எவ மாலை போடுவா?"

சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. வாசலில் வேறொரு கல்யாண வீட்டார் வந்து நின்றார்கள். அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினான். சந்திரம்மா முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு, அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.