ஏழு நாற்பதுக்கு மூன்று முட்டை

ஊதிவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் முன்னறை, காலை ஏழு நாற்பது. மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளியம்மா. இந்தப் பக்கம், தடுப்பூசி வரிசையில் நிற்கும் பிள்ளையைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர். உள்ளங்கை அளவுள்ள கறுப்புக் கருவியின் குழாயை உதட்டில் வைத்து, அது கீச்சென்று கத்தும்வரை ஒரே மூச்சாக ஊதுகிறார். சின்னத் திரையில் மூன்று பூச்சியங்கள் வந்து உட்காருகின்றன.

“மூணு முட்டை! முட்டை வாங்கிட்டு சந்தோஷப்படுற ஒரே ஆளு நான்தாங்க.”

முதலாளியம்மா சிரிப்பதில்லை. திரையைக் கைப்பேசியில் படமெடுத்துத் தன் அக்காவுக்கு அனுப்புகிறார். அந்த அக்காதான் இவருடைய மனைவி. அந்த வகையில் முதலாளியம்மா இவருக்கு மச்சினி. ஓராண்டு, ஒரு நாள்கூட விடாமல், குடிக்கவில்லை என்று காட்டும் இந்தப் படம் வந்து சேர்ந்தால் வீட்டுக்குத் திரும்பலாம். ஒரு நாள் தவறினாலும் பேச்சே கிடையாது. இது மனைவி போட்ட நிபந்தனை. அதுவரை பள்ளியின் மாடியறைதான் வாசம். கட்டிலும், மின்சாரக் கெட்டிலும், ஒரு ஜன்னலும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையானாலும் ஏழு நாற்பதுக்குக் கீழே இறங்கி வந்து ஊதியாக வேண்டும்.

எல்லோரும் அவரை ‘வில்லு’ என்கிறார்கள். பந்தாட்ட நாட்களில் ஒட்டிக்கொண்ட பெயர். அவருடைய இடது கால் உதைத்த பந்து நேராகப் போனதே கிடையாது. வெளியே போகிறது என்று கோல்கீப்பர் நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகு, குடையை மறந்து வைத்தவர் பாதி வழியில் திரும்புவது போல வளைந்து வலைக்குள் போகுமாம். மூலையிலிருந்து உதைத்த கார்னர் கிக்கிலேயே, வேறு யார் காலும் படாமல், ஒன்பது கோல் போட்டிருக்கிறார். அந்தக் காலுக்கு இப்போது பயிற்சிக் காரில் உத்தியோகம். ஆசிரியர் பக்கம் பொருத்தியிருக்கும் இரண்டாவது பிரேக்கின்மேல் காத்திருக்க வேண்டும்.

“இந்தக் கால் போட்ட கோலவிட இப்ப காப்பாத்துற உசுருதான் ஜாஸ்தி” என்பார், மாணவர் விளக்குக் கம்பத்தை நோக்கிப் பாசத்துடன் போய்க்கொண்டிருக்கும்போது.

பிழைக்க வந்த இடத்தில், நாற்பது வயதுக்குமேல் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான். சிக்னலில் வண்டி அணைந்து, பின்னால் பத்து ஹாரன்கள் ஒன்றாக அலறினால் எனக்குச் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்பதே மறந்துவிடும். வில்லு சன்னலோரம் கையை வைத்துக்கொண்டு சொல்வார்: “அடிக்கட்டும் விடுங்க. நாப்பதாயிரம் பேர் திட்டுனப்ப, குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிட்டு இருந்தவன் நான். அவங்களுக்குத் தொண்டை வலிக்கும், நமக்கு என்ன? நிதானமா திருப்புங்க.”

காப்பி ஒரு நாளைக்கு எட்டு. லேபிள் படிப்பதில் வக்கீல். இருமல் மருந்து, சாக்லேட், கேக் எது வந்தாலும் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பொடி எழுத்து முழுவதையும் படித்த பிறகுதான் வாய்க்குப் போகும். ஒரு மாணவர் லைசென்ஸ் வாங்கிய மகிழ்ச்சியில் கொடுத்த கேக்கை இப்படித்தான் ஆராய்ந்து, “இதுல ரம் இருக்கு. நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்” என்று தள்ளி உட்கார்ந்துகொண்டார். உண்மையாகவே பார்த்துக்கொண்டும் இருந்தார்.

சில காலைகளில் மூன்று முட்டை வந்த பிறகும் முகம் தெளியாது. “இன்னிக்குத் தரை ஈரமா இருக்கு” என்பார். வெளியே வெயில் கொளுத்தும். வழுக்கிவிடக்கூடிய நாள் என்று மச்சினிக்குப் புரியும். அன்றைக்கு அவருக்குச் சாலை வகுப்பு கிடையாது. பின்முற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பவர்கள் மட்டும்தான். மாத்திரை உண்டு, மருத்துவர் உண்டு. புதன்கிழமைதோறும் ஒரு கூடத்தில் குடியை விட்டவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டமும் உண்டு. “அங்க ஒரு பல் டாக்டர் வர்றாரு, ஒரு பைலட் வர்றாரு. பெரிய டீமுங்க. நான்தான் அதுல பெஞ்சுல உக்கார்ற சப்ஸ்டிட்யூட்டு.”

முப்பத்தொரு வயதில் முழங்கால் விட்டுப்போனது. எப்படி இருந்தது என்று கேட்டால் நீட்டி முழக்குவதில்லை. “ஆட்டம் முடிஞ்சு கூட்டம் வீட்டுக்குப் போயிடுச்சு. எனக்கு வீட்டுக்குப் போகத் தெரியல, அவ்வளவுதான்.” ஜன்னல் திரையை விலக்காத அறையில் எட்டு மாதம். அப்புறம் பாட்டில். அப்புறம் பாட்டிலுக்காகவே விடிந்த பதினைந்து வருடம்.

போன வாரம் முன்னூற்றுப் பத்தொன்பதாம் நாள். அடுத்த வகுப்பு என்னுடையது என்பதால் முன்னறை பெஞ்சில் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், இரவுப் பணி முடிந்து வகுப்புக்கு வந்திருந்த நர்ஸ். வில்லு மாடியிலிருந்து இறங்கினார், ஊதினார், கருவி கீச்சிட்டது. முட்டை ஒன்றுகூட வரவில்லை. திரை சிவந்து, ஏதோ ஒரு பெரிய எண் நின்றது.

முதலாளியம்மா கருவியை ஒரு தட்டுத் தட்டினார். எண் மாறவில்லை.

“மாமா.”

“இல்லம்மா.”

“மாமா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையில் ஊதி முகர்ந்தார். சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார். தேடிய விதத்தைப் பார்த்தால் பாட்டில் கிடைத்துவிடும் என்று அவரே எதிர்பார்த்தது போல இருந்தது.

“நேத்து எட்டு மணிக்குப் படுத்தேன். எந்திரிச்சேன். குடிக்கல. குடிக்கலன்னுதான் நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா?”

கைப்பேசி ஒலித்தது. அக்காவின் செய்தி: படம் எங்கே?

நர்ஸ் எழுந்து கிட்டே போனார். “அண்ணே, வாய்ல என்ன போட்டீங்க? புதினா வாசம் தூக்குது.”

“நீலத் தண்ணிங்க. கொப்பளிக்கிறது. முதலாளியம்மாதான் நேத்து, உங்க வாய்க்குள்ள காப்பிக் கடையே இருக்கு, கார் கண்ணாடிய ஏத்துனா ஸ்டூடன்ட்டு மயங்கிடுவாங்கன்னாங்க. அதான் வாங்கினேன். இப்ப எறங்குறதுக்கு முன்னாடி ரெண்டு மூடி.”

“லேபிள் படிக்கலையா?”

“துப்புற தண்ணிதானேம்மா!”

“அதுல ஆல்கஹால் இருக்கும் அண்ணே. அது வாய்ல நிக்குற வாசம், ரத்தத்துல இல்ல. வெறும் தண்ணில நல்லாக் கொப்பளிச்சுட்டு, கால் மணி நேரம் கழிச்சு ஊதுங்க. போயிடும்.”

முதலாளியம்மா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “முன்னூறு நாள் கேக்குக்குக் கூட பூதக்கண்ணாடி. கடைசில நான் சொன்ன பேச்சக் கேட்டுக் கெட்டிருக்காரு மனுசன்.” கைப்பேசியை எடுத்தார். “நெட்வொர்க் இல்லன்னு போட்டுடவா?”

“பொய் வேணாம். கொஞ்சம் இருன்னு போடு.”

கொப்பளித்துவிட்டு வந்து எனக்கும் நர்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்துக்கு அன்று காலில் இரும்புக் குண்டு கட்டியிருந்தது. நர்ஸ் அவர் முதுகில் தட்டினார். “பயப்படாதீங்க. நீங்க குடிக்கலன்னு உங்களுக்கே தெரியுமில்ல?”

“அதாம்மா தெரியல” என்றார், கிட்டத்தட்ட கலகலப்பாகவே. “ஒருவாட்டி எம் பொண்ணு மேல சத்தியமா குடிக்கலன்னு சொன்னேன். பொய்யா சொல்லல. நெசமாவே குடிக்கலன்னுதான் நெனச்சேன். பாட்டில் என் கோட்டுக்குள்ள இருந்துச்சு. அதுல இருந்து நான் சொல்ற எதையும் நான் எடுத்துக்கிறதில்ல.”

வெளியே பயிற்சிக் கார்மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கால் மணி நேரம் ஆனதும் எழுந்தார். ஊதினார். கீச்.

பூச்சியம். பூச்சியம். பூச்சியம்.

நர்ஸ் கைதட்டினார். நான் வியர்த்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். “எங்க அக்கா கொடுத்து வச்சவ” என்று முதலாளியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, படமெடுக்கக் கைப்பேசியைத் தூக்கினார்.

வில்லு இரண்டு விரலால் அந்தக் கைப்பேசியை மெதுவாகக் கீழே இறக்கினார். “இது எனக்கு” என்று மேசைமேலிருந்த டப்பாவிலிருந்து புதுக் குழாய் ஒன்றை எடுத்துக் கருவியில் செருகினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறுபடியும் ஊதினார்.