கோழிக் கடுதாசியை எழுதியது யார்

இருதயமேரி சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வடிய மரப்பட்டை வெட்டியவள். ஆறாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் பலருக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பாள். அதுவே அவளுக்கு வினையாக வந்தது.

1974இல் ஜெயபாலன் என்ற அறிவிப்பாளர் வானொலியில் ‘ஊர் வாய்’ என்றொரு நிகழ்ச்சி நடத்தினார். நேயர் கடிதங்களை வாசித்து, தோட்டத்துப் பெரிய மனிதர்களைக் கிண்டலடிப்பார். அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு. கையில் கிடைத்தால் உதைப்பேன் என்றவர்களும் உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை அவர் வாசித்த கடிதம் இது: சித்தியவான் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோருக்குக் கோழி கொடுத்தால் வெட்டுவதற்கு வீட்டருகே மரநிரை கிடைக்கும், கொடுக்காதவருக்கு மலைமேட்டு மரம். வாசித்துவிட்டுக் கோழிபோலக் கொக்கரித்தார்.

லயமே சிரித்தது. விடிந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை. முந்திய வாரம்தான் அதே லயத்துச் செல்லாயி, மண்டோர் உடையப்பன் வீட்டுக்குக் கோழி கொண்டுபோனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

“எழுதத் தெரிஞ்சவ இங்க யாரு?” என்று கேட்டார் உடையப்பன்.

அன்றிலிருந்து இருதயமேரி குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றது. அவளுக்கும் கணவன் டொமினிக்குக்கும் மலைமேட்டு நிரை விழுந்தது. செல்லாயி முகம் கொடுக்கவில்லை.

தான் எழுதவில்லை என்பது இருதயமேரிக்குத் தெரியும். அப்படியானால் யார்? கொக்கரிப்பைக் கேட்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தவர் டொமினிக். அதற்கு முந்திய வாரம் போஸ்டாபீசுக்கும் போயிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “சும்மா லா” என்றார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அவர் பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

இரண்டு வருடத்தில் ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்குக்கு வந்துவிட்டார்கள். அவளுக்கு பிஸ்கட் கம்பெனியில் டின் அடுக்கும் வேலை, அவருக்குப் பலகைக் கடையில் காவல். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் செல்லாயியும் அதே கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் முதுகைக் காட்டியே உட்காருவாள்.

1984இல் ஈப்போ நாடகக்காரர்கள் சிலர் ஜெயபாலனின் கதையைச் சிரிப்புப் படமாக வீடியோவில் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் போட்டார்கள்.

“அதெல்லாம் எதுக்கு லா?” என்று டொமினிக் தட்டிக்கழித்தார். அவள் சந்தேகம் இன்னும் முற்றியது. வற்புறுத்தி அழைத்துப் போனாள்.

படத்தில் நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடிதப் பை காலி. பொய்த் தொந்தி கட்டி ஜெயபாலனாக நடித்தவர் வியர்க்க விறுவிறுக்க, கையெழுத்து தெரியாதபடி இடது கையால் தானே ஒரு கடிதம் எழுதி, வாசித்து, கொக்கரித்தார். மண்டபம் அதிர்ந்தது. இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

வானொலி வேலை போய், தலை நரைத்த ஜெயபாலன் கடைசி வரிசையில் இருந்தார். படம் முடிந்ததும் அவரை எல்லோருக்கும் காட்டினார்கள். இருதயமேரி நேரே அவரிடம் போனாள்.

“அண்ணே, அந்தக் கோழிக் கடுதாசி நெசமாவே நீங்க எழுதுனதா?”

“ஆமாக்கா. எந்தத் தோட்டத்துல மண்டோர் கோழி வாங்கல? சித்தியவான்னு வாய்க்கு வந்துச்சு, சொல்லிட்டேன்” என்று சிரித்தார்.

“ஒங்க வாய்க்கு வந்துச்சு. நாங்க ரெண்டு வருசம் மலைமேட்டுல வெட்டுனோம்.”

அவர் சிரிப்பு அடங்கியது. “தெரியாதுக்கா” என்றார்.

பஸ் நிற்குமிடத்தில் டொமினிக் மெதுவாகச் சொன்னார்: “இத்தன வருசமா நீதான்னு நெனச்சேன். படத்துல ஒம் பேரு வந்துருமோன்னு பயம்.”

“நான் ஒங்களைத்தான் நெனச்சேன். அப்ப போஸ்டாபீசுக்கு எதுக்குப் போனீங்க?”

“லூமுட் படகுத்துறையில வேலைக்கு எழுதிப் போட்டேன். கெடைக்கல. சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

மறுநாள் கம்பெனியில் இருதயமேரி செல்லாயியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். “படத்துல காட்டுனா நெசமாயிருமா?” என்று செல்லாயி திரும்பிக்கொண்டாள். ஆனால் அடுத்த ஞாயிறு அவளும் போய்ப் பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பாவோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அந்தாளச் செருப்பால அடிக்கணும்” என்றாள். டப்பாவைத் திறந்தபடி, “சரி, எழுதுனவங்களக் காப்பாத்த அவரு பொய் சொல்லலன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள்.

கேட்டாளே தவிர, செல்லாயி எழுந்து போகவில்லை.