தேடுகிறவர் பக்கம்

நான் பொய்யே பேசாதவள் என்று சொல்லமாட்டேன். சலவைக்கடை நடத்துகிறேன். "நாளைக்குக் கட்டாயம் ரெடி" என்று தினமும் பத்துப் பேரிடமாவது புளுகுகிறவள்தான். ஆனால் இது புளுகு இல்லை. போன நவம்பர் 29, சனிக்கிழமை. மாலை 3:50 முதல் 5 மணி வரை. என் கண்ணால் பார்த்தது, என் காதால் கேட்டது.

என் பெயர் நொபுவே. வயது ஐம்பத்திரண்டு. தம்பி குனிஹிகோ நாற்பத்தொன்பது, பஸ் ஓட்டுகிறான். இரண்டு பேருக்கும் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் அமையவில்லை. ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிக்கொண்டு சௌக்கியமாக இருந்தோம். சனிக்கிழமையானால் நடை. டோக்கியோவில் ஒரு சந்து பாக்கி இல்லாமல் நடந்து முடிப்பது என்று பத்து வருடத்துக்கு முன் பந்தயம் கட்டினோம். நடந்த தெருவை அவன் வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் தீட்டுவான். கோபுரம், பெரிய கோயில், பூங்கா எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது யாரும் எட்டிப் பார்க்காத சந்துகள்தான்.

அன்று குராமயே பக்கம் போனோம். பொம்மை மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே, ஒரு ஆள் மட்டுமே நுழையக்கூடிய சந்து. அதன் கோடியில் ஒரு குட்டிக் கோயில். உள்ளே இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்.

தொலைந்தவர்களைத் தேடும் கல் அது. அந்தக் காலத்தில் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்கள், அடையாளம் எழுதி வலது பக்கத்தில் ஒட்டுவார்கள். அங்கே 'தேடுகிறவர்' என்று செதுக்கியிருக்கிறது. பிள்ளையைக் கண்டெடுத்தவர்கள் இடது பக்கத்தில் ஒட்டுவார்கள். அங்கே 'தெரிவிப்பவர்'. இப்போது இரண்டு பக்கமும் பாசிதான்.

குனிஹிகோவுக்குக் கை சும்மா இருக்குமா? பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான்.

"என்னடா பண்ற?"

"என்னையே தொலைச்சுக்கிறேன். கேளு கிழவி. 'காணவில்லை. ஆண், 49 வயது, ஒல்லி, சாம்பல் கலர் ஸ்வெட்டர். ரொம்ப அழகன்.'"

"அழகன்னு போட்டா ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

"'தேடுவது, அக்கா நொபுவே.' போதுமா?"

முழங்கால் வலிக்கு வைத்திருந்த பிளாஸ்திரியைக் கிழித்து, காகிதத்தைத் தேடுகிறவர் பக்கம் ஒட்டினான். நானும் சிரித்துத் தொலைத்தேன். மணி 3:52.

சந்தைவிட்டு வெளியே வந்து பக்கத்துத் தெருக்களைச் சுற்றினோம். 4:30. பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லும் பாட்டு ஒலிபெருக்கியில் வந்தது. நவம்பர் கடைசி... இருட்டு இறங்கிவிட்டது. குனிஹிகோ பொதுக் கழிப்பறைக்குப் போனான். 4:37-க்குத் திரும்பி வந்தான்.

வழியில் வாங்கிய பொட்டலத்தில், குச்சியில் குத்திச் சுட்ட அரிசி உருண்டை ஒரே ஒரு குச்சி மீதி. கடைசிக் குச்சிக்கு எங்களுக்குள் எப்போதும் அடிதடி நடக்கும். அன்று என் பக்கம் நீட்டினான்.

"நீ சாப்பிடு, அக்கா."

அக்கா...?

ஒன்பது வயதிலிருந்து அவனுக்கு நான் கிழவிதான். அம்மா சாவுக்குக்கூட அப்படித்தான் கூப்பிட்டான்.

"காய்ச்சலாடா உனக்கு?"

"இல்லக்கா. சும்மாதான்."

குரல் அவனுடையதுதான். முகமும் அவனுடையதுதான். ஆனால் முழங்காலைப் பற்றி ஒரு புலம்பல்கூட இல்லை. வரைபடத்தைத் தீட்டவும் மறந்துவிட்டான். என் பையை வேறு வாங்கித் தூக்கிக்கொண்டான்.

"அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துடலாம்டா."

"வேணாம்க்கா. இருட்டிடுச்சு."

இவனுக்கு எப்போதிலிருந்து இருட்டுப் பயம்? சந்தேகம் முற்றிவிட்டது. நான் பாட்டுக்குக் கோயில் பக்கம் நடந்தேன். பின்னால் வந்தான். கோயில் வாசலில் நின்றுவிட்டான்.

"உள்ள வாடா."

"நான் வரல... அந்தக் கல்லு பிடிக்கல எனக்கு."

நான் மட்டும் உள்ளே போனேன். 4:55. கைபேசி வெளிச்சத்தில் கல்லைப் பார்த்தேன்.

தெரிவிப்பவர் பக்கத்தில் ஒரு காகிதம்.

மை இன்னும் காயவில்லை.

'இங்கே இருக்கிறார். ஆண், 49 வயது. இடது அக்குளில் இரண்டு மச்சம். கிழவி, கிழவி என்று அழுகிறார். அழைத்துப் போகவும்.'

அந்த மச்சம் அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

"குனிஹிகோ... உன் ஃபோன் எங்க?"

வாசலில் நின்றவன் பாக்கெட்டைத் தடவினான். "கழிப்பறையில விட்டுட்டேன் போல..."

அவன் எண்ணை அழுத்தினேன்.

மணி அடித்தது... கல்லுக்குப் பின்னால்.

எடுத்தான்.

"கிழவி... எங்க போய்த் தொலஞ்ச? வழி தெரியல. ஒரே இருட்டு. அந்தக் காகிதத்தக் கிழி. ரெண்டையும் கிழி!"

வாசலிலிருந்து ஒரு அலறல். "அக்கா! கிழிக்காத!"

கிழித்தேன்.

இரண்டையும்.

4:58.

கல்லுக்குப் பின்னாலிருந்து தவழ்ந்து வந்தான். சாம்பல் ஸ்வெட்டர். மூக்கெல்லாம் சளி. "கிழவி..." என்றான். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வாசலில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்தோம். என் நூடுல்ஸில் பாதியைப் பிடுங்கித் தின்றான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு புலம்பினான். என் தம்பி எனக்குக் கிடைத்துவிட்டான் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பதினாறு நாள் கழித்து, திங்கட்கிழமை காலை 10:20-க்குக் கடைக்கு ஒரு போன். அந்தக் கோயிலைப் பெருக்கும் இவாசே அம்மாவாம். உங்களைத் தேடி ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, அதில் கடைப் பெயர் இருக்கிறது என்றார். ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன்.

தேடுகிறவர் பக்கம். குனிஹிகோவின் கோணல் எழுத்து. மேலே என் கடைப் பெயர்.

'காணவில்லை. அக்கா நொபுவே, 52 வயது. நவம்பர் 29, மாலை 4:58-க்கு இந்த வாசலில் என்னைக் கடந்து போனாள். யாரோ ஒருவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். கத்திக் கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. ஒரு நாளாவது அவளிடம் மரியாதையாக நடந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.'

வாசலில் நின்றவன்தான் என் தம்பி. நான்தான் அவனைச் சந்தேகப்பட்டேன்.

இவாசே அம்மா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"இது மூணாவதும்மா. நவம்பர் 29 ராத்திரியிலேர்ந்து சனிக்கிழம தவறாம ஒண்ணு ஒட்டியிருக்கு. முதல் ரெண்டையும் உங்க தம்பியே வந்து கிழிச்சுட்டுப் போனாரே... அக்காகிட்ட குடுக்குறேன்னாரு. குடுக்கலையா?"

வீட்டில் இருக்கிறவன் என்னிடம் எதையும் கொடுக்கவில்லை.